முத்து கொண்டுவந்த குருவி

மஸ்கிகாபா முத்துயி. ஒரு குருவியின் அறிவியல் பெயர் இது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு, முதுகு மண்ணிறம், மார்பில் மங்கலான பழுப்பு, கண்ணைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். பூச்சி பிடித்துத் தின்னும். இந்தியாவின் வடகிழக்கு, மியன்மார், தென்சீனப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு மாரிகாலத்தைக் கழிக்க தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். பார்த்தவுடன் "வாவ்" எண்டு கத்தவைக்கிற பறவை இல்லை. எங்களை நிறுத்தி வைத்தது அந்த இரண்டாவது சொல். முத்துயி என்றால் இலத்தீனில் "முத்துவினுடைய" என்று பொருள்.

யார் இந்த முத்து? எட்கர் லேயார்ட் என்ற ஆங்கிலேயரின் சமையல்காரர். லேயார்ட் 1840களின் நடுவில் இலங்கைக்கு வந்து அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், பருத்தித்துறையிலும் இருந்திருக்கிறார். அவர் இலங்கைப் பறவைகளைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1853, 1854 ஆம் ஆண்டுகளில் லண்டனில் ஓர் இயற்கை வரலாற்றுச் சஞ்சிகையில் தொடராக வந்தன. அதில்தான் இந்தக் குருவியைப் புதிய இனமாக அறிவித்து, தன்னுடைய பழைய வேலைக்காரரின் பெயரை அதற்கு வைக்கிறார். தன்னிடம் உள்ள நல்ல பறவைகளில் பலவற்றுக்கு முத்துவின் பொறுமைக்கே கடன்பட்டிருப்பதாகவும் எழுதுகிறார். பறவை கிடைத்த இடமாகப் பதிவானது பருத்தித்துறை.

அவ்வளவுதான். முத்துவின் ஊர், தகப்பன் பெயர், வயது, அவர் இந்தக் குருவிகளை எப்படிப் பிடித்தார், கண்ணி வைத்தா, சுட்டா, கவண் அடித்தா, ஒன்றுமில்லை. பெயரை வைத்துப் பார்த்தால் தமிழர். லேயார்டுக்கோ கிளி உண்டு, வாழ்க்கை வரலாறு உண்டு. பிறகு தென்னாபிரிக்காவுக்குப் போய் அங்குள்ள பறவைகளைப் பற்றியும் புத்தகம் எழுதினார் என்ற விவரமெல்லாம் உண்டு.

இந்தக் கதையை எங்களில் ஒராள் நூலகத்தில் வேறெதையோ தேடப்போய்க் கண்டுபிடித்து வந்து சொன்ன கிழமைதான், சித்திரை லீவுக்கு எல்லாரும் வீட்டில் நிற்கிறோம், ஒருநாள் பின்னேரம் தொண்டைமானாற்றுப் பக்கம் பறவை பார்க்கப் போவம் என்று முடிவெடுத்தது. ஐந்து பேர், மூன்று மோட்டார் சைக்கிள், ஒரேயொரு பைனாகுலர். பருத்தித்துறையிலிருந்து கரையோர வீதியால் மேற்கே போனால் அதிகம் தூரமில்லை. முத்துவும் இந்தப் பரவைக் கரைகளில் நடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு போக ஒரு நியாயம் இருந்தது, அவ்வளவுதான். அந்தக் குருவி காட்டுக் குருவி. மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் மரநிழல் தேடித் தங்குவது. நீரேரியில் அதைத் தேடி நாங்கள் போகவில்லை.

வழிகாட்டிப் புத்தகம் எதை எடுத்தாலும் விடியப்புறம் போ, மார்கழி தையில் போ என்றுதான் இருக்கும். நாங்கள் போனது சித்திரை நடுவில், சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிற நாட்களில், பின்னேரம் மூன்று மணிக்கு. வெக்கை என்றால் சும்மா வெக்கை இல்லை. நீருக்கு மேலே கானல் ஓடி, தூரத்தில் நிற்கிற கொக்கு இரண்டாகப் பிரிந்து திரும்பச் சேர்கிறது. பைனாகுலருக்குள் எல்லாம் நடுங்குகிறது. ஆனால் இந்த நேரத்துக்கென்று சில காட்சிகள் இருக்கின்றன. மாரிகாலம் முழுக்கச் சாம்பல் உடுப்போடு நின்ற வலசைப் பறவைகள், வடக்கே திரும்புவதற்கு முன்னர் கலியாண உடுப்புப் போடுகிற காலம் இதுதான். வளைந்த அலகுள்ள உள்ளான்கள் சிலவற்றின் வயிறு செங்கல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. உப்புக்கொத்திகளின் மார்பில் ஓரேஞ்சுப் பட்டி. மீசை ஆலாக்களின் வயிறு கருத்துப்போய், கன்னத்து வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. தையில் இதே இடத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் வேறு இனம் என்றுதான் சொல்வீர்கள்.

உப்புக்கொத்தி. இந்தச் சொல்லை ஒருக்கால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உப்பு விளையும் தரவையில் கொத்தித் திரிவதைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பெயர் வரும். தொண்டைமானாற்றுக்கே ஓர் உப்புக் கதை உண்டு. இங்கே விளைந்த உப்பைக் கொண்டுபோவதற்காகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த கால்வாய் என்பதால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்பது எங்கள் ஊர்ப் பக்கத்து மரபுக் கதை.

சரி, லேயார்டிடம் திரும்புவம். அவருடைய காலத்தில் "பறவை பார்த்தல்" என்றால் என்ன? சுட்டு விழுத்துவது. தோலை உரித்து, மருந்து தடவி, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி, பெட்டிக்குள் அடுக்கி ஐரோப்பாவுக்கு அனுப்புவது. இன்று எங்களிடம் இருக்கிற மாதிரிப் பட்டகம் வைத்த பைனாகுலரை ஜெர்மனியின் சைஸ் கம்பனி விற்பனைக்கு விட்டதே 1894 இல்தான். கையில் உடல் இல்லாமல் இரண்டு உள்ளான்களைப் பிரித்துச் சொல்ல அன்றைக்கு வழி குறைவு. அவர்களைக் கொலைகாரர் என்று எழுதிவிட்டுப் போவது லேசு; அந்தத் தோல்கள் இல்லாவிட்டால் எங்கள் கையேடும் இல்லை. ஆனால் துவக்கு, அனுமதிப்பத்திரம், கப்பல், லண்டனில் அச்சகம் எல்லாம் யாரிடம் இருந்ததோ அவர்கள்தான் "கண்டுபிடித்தவர்கள்" ஆனார்கள் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இந்த வரிசை லேயார்டோடு தொடங்கவில்லை. அவருக்கு நூறு வருடம் முந்தி, 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டன், இலங்கைப் பறவைகளையும் விலங்குகளையும் படமாக வரைவித்தார். வரைந்தவர் பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே, ஐரோப்பிய இரத்தமும் உள்ளூர் இரத்தமும் கலந்த இங்கத்தைய ஆள். அந்தப் படங்களை வைத்து இங்கிலாந்தில் புத்தகங்கள் வந்தன. எங்கள் வீட்டு வேலிச் செம்பரத்தையில் வந்து தேன் குடிக்கிற நீண்ட அலகுத் தேன்சிட்டுக்கு 1766 இல் லின்னேயஸ் வைத்த பெயரில் லோட்டன் இருக்கிறார். டி பெவெரேயைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

லேயார்டின் காலத்தில் இங்கேயே பிறந்த மருத்துவர் கெலார்ட் 1852 இல் இலங்கை விலங்குகள் பற்றிய நூலை வெளியிட்டார். பிறகு வின்சென்ட் லெக், பிரித்தானிய பீரங்கிப் படை அதிகாரி. 1868 இலிருந்து 1877 வரை இங்கே வேலை செய்தபடியே தீவெங்கும் அலைந்து சேகரித்து, 1880 இல் முடிந்த "இலங்கைப் பறவைகளின் வரலாறு" என்ற பெரும் நூலை எழுதினார். கோய்லெமான்ஸ் வரைந்த படங்கள் இன்றைக்கும் கண்ணைப் பறிக்கும். அந்த நூலில் எங்களுக்குப் பிடித்தது வேறொரு விஷயம். பல இனங்களுக்குச் சிங்களத்தில் என்ன பெயர், இலங்கைத் தமிழர் என்ன சொல்கிறார்கள் என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். ஓர் இராணுவ அதிகாரி ஊர் ஊராகப் போய், பறவையைக் காட்டி, "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்க, ஒரு மீன்பிடிகாரரோ, வண்டிக்காரரோ, பக்கத்தில் நின்ற பொடியனோ சொல்லியிருக்க வேண்டும். சொன்ன பெயர் அச்சில் இருக்கிறது. சொன்ன ஆள் "தமிழர்" என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டார். அந்த வகையில் பார்த்தால் முத்து அதிர்ஷ்டசாலி.

எங்கள் ஆட்களுக்குப் பறவைகளைப் பற்றி என்ன தெரிந்திருந்தது என்று கேட்டால், சத்திமுத்தப் புலவரைச் சொல்லலாம். ஏ.எல். படித்த எவருக்கும் தெரிந்த பாட்டு. நாரையின் அலகைப் பனங்கிழங்கோடு ஒப்பிடுவாரே, அது. அதில் நாரை தன் பெடையோடு குமரியில் நீராடி வடக்கே போவதாக வரும். வறுமையின் பாட்டு என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஆனால் பறவை பருவத்துக்குப் பருவம் தெற்குக்கும் வடக்குக்கும் போய்வருகிறது என்பது அந்தப் புலவருக்குச் சாதாரண விஷயமாக இருந்திருக்கிறது என்பதும் அதே பாட்டுக்குள்தான் கிடக்கிறது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காகங்களின் முதுகில் சின்ன ஜிபிஎஸ் கருவி பொருத்தி விட்டபோது, அவற்றில் சில ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரைக்கும் போனது தெரியவந்தது. பனங்கிழங்கு உவமைக்கும் இந்தக் கருவிக்கும் இடையில் உள்ள காலத்தைத்தான் துவக்கு நிரப்பியது.

தொண்டைமானாற்றில் வான்கதவுப் பக்கம் போனபோது ஓர் ஐயா வீச்சுவலையோடு கரையில் குந்தியிருந்தார். எங்களையும் பைனாகுலரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"பிள்ளையள் சேர்வே எடுக்கவோ வந்தனீங்கள்?"

"இல்லை ஐயா, சும்மா, குருவி பாக்க."

"குருவி பாத்திட்டுத்தானே பேந்து கல்லு நடுறவங்கள்."

பகிடி இல்லை. எல்லைக்கல்லைச் சொல்கிறார். இந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது.

1937 இல் வந்த வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1938 இலேயே சுண்டிக்குளம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் பூநாரைகளுக்குப் பேர்போன நீரேரி அது. 1943 இல் இலங்கைப் பறவைகள் கழகம் உருவாகிறது. 1955 இல் ஜி.எம். ஹென்றியின் கையேடு வருகிறது. தானே படம் வரைந்து, துவக்கு இல்லாதவனும் பறவையை அறியலாம் என்ற நிலையை இங்கே கொண்டுவந்த புத்தகம் அது என்பது எங்கள் கருத்து. இதற்கிடையில் நீர்ப்பாசன எந்திரி எஸ். ஆறுமுகம் 1954 இல் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தை முன்வைக்கிறார். ஆனையிறவு நீரேரிக்குள் கடல் வராமல் மறித்து, மழைநீரால் அதை நன்னீராக்கி, கால்வாய் வெட்டி வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது. நாங்கள் நின்ற வான்கதவும் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கத்தான். திட்டம் முழுதாக நடந்திருந்தால் கிணறுகள் நல்லாக இருந்திருக்கும். உவர்நீரில் மேய்கிற பூநாரைகள் என்னவாகியிருக்கும் என்று அந்தக் காலத்தில் கேட்கிற ஆள் குறைவு. தண்ணீர் இல்லாத ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஒரு துணிவு வேணும், இன்றைக்கும்.

பிறகு போர். அதை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை, வாசிக்கிற உங்களுக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். பறவையோடு தொடர்பானதை மட்டும் சொல்கிறோம். பைனாகுலர் என்பது காவலரணில் நிற்கிறவனின் சாமானாக ஆனது. எங்கள் அம்மாமாரின் இளமைக்காலத்தில் ஒரு பொடியனோ பெட்டையோ பைனாகுலரோடு நீரேரிக் கரையில் நின்றிருந்தால் இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் முதலில் கேள்வி கேட்டிருக்கும் என்றுதான் யோசிக்கவேண்டும். தொண்டைமானாறு பலாலி உயர் பாதுகாப்பு வலயத்தை ஒட்டிய இடம். சுண்டிக்குளமோ, 2009 இன் தொடக்கத்தில் போர் கடந்துபோன கரை. கொழும்பிலும் தெற்கிலும் ஒரு தலைமுறை முழுக்கப் பறவை பார்க்கப் பழகிய காலத்தில், பூநாரைகளின் ஊரில் பிறந்த தலைமுறை வானத்தைப் பார்த்தது கிபிர் வருகுதா என்றுதான்.

போர் முடிந்து 2015 இல் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் நெடுந்தீவும் இராமர் பாலத் தீவுகளும் மடு வீதிக் காடும். பறவைகளுக்கு அது தேவை. நாங்கள் அதில் தடுமாறவில்லை. சதுப்பை நிரப்பிக் கடை கட்டுகிற வேகத்தைப் பார்த்தால் சட்டம் இல்லாமல் ஒரு கண்டல் மரமும் மிஞ்சாது. ஆனால் ஐயாவின் பக்கம் நின்று பாருங்கள். முதலில் படையினரின் முட்கம்பி. அது கொஞ்சம் பின்வாங்க, திணைக்களத்தின் கல். வலை வீசுகிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஏனென்றால் இரண்டையும் நட்டவர்கள் அவனைக் கேட்டு நடவில்லை.

எங்களுக்கு அது உறைத்தது, ஏனென்றால் நாங்கள் அன்று பார்த்ததை எல்லாம் போனில் பதிந்துகொண்டிருந்தோம். இடம், நேரம், எண்ணிக்கை. உலகெங்கும் பறவை பார்க்கிற ஆட்கள் இப்படிப் பதிகிற தரவைத்தான் ஆய்வாளர்களும் திட்டமிடுகிறவர்களும் எடுக்கிறார்கள். வடக்கில் இருந்து பதிகிற ஆட்கள் குறைவாக இருந்தால் எங்கள் நீரேரிகள் அந்த வரைபடத்தில் வெறுமையாக இருக்கும். வெறுமையான இடத்தில் எதையும் கட்டலாம். பதிந்தால் கல் வரலாம். எங்களுக்குள் அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. எங்களில் மூன்று பேர் பதிவதுதான் சரி என்கிறோம். மற்ற இரண்டு பேர், முதலில் கரையில் இருக்கிறவர்களோடு கதைக்காமல் எதுவும் போடக்கூடாது என்கிறார்கள்.

ஐயாவோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். பயம் தெளிந்த பிறகு மனிசன் விடவில்லை. நாங்கள் பைனாகுலரால் பார்த்துச் சொல்வதற்கு முன்னரே, பறக்கிற விதத்தை வைத்து ஆலாவையும் கடற்காகத்தையும் பிரித்தார். நாரை காலில் எச்சமடிப்பது வெக்கைக்கு என்றார். உடம்புச் சூட்டைத் தணிக்க நாரையினம் அப்படிச் செய்வதைப் புத்தகத்தில் வாசித்த எங்களுக்கு முகம் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆட்காட்டி நடு வெயிலில் தண்ணீரில் வயிற்றைத் தோய்த்துக்கொண்டு ஓடினால் கிட்டடியில் முட்டை இருக்கிறது, மிதித்துப்போடாதேங்கோ என்றார். அதுவும் சரி, நனைந்த இறகால் முட்டையைக் குளிரப் பண்ணுவதை ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். எந்த மாதம் எந்த மீன் உள்ளே வரும், அதன் பின்னால் எந்தப் பறவை வரும் என்பது அவருக்கு விரல் நுனியில். அவர் சொன்ன பெயர்களில் நான்கு, நாங்கள் அதுவரைக்கும் எந்தத் தமிழ்ப் பட்டியலிலும் காணாதவை. அவை எந்தப் பறவைக்கு உரியவை என்று அடுத்த மாரியில் அவரோடு நின்றே உறுதிசெய்த பிறகு எழுதுகிறோம்.

வெளிக்கிடும்போது, குறிப்பில் உங்கள் பெயரைப் போடட்டா என்று கேட்டோம். முத்துவின் கதையையும் சொன்னோம். நல்லாச் சிரித்தார்.

"அந்த ஆளைக் கேட்டே போட்டவங்கள்? என்ர பேரைப் போடாதேங்கோ. நாளைக்கு ஒபீஸால ஆரும் தேடி வருவாங்கள்."

போடவில்லை.

இனிப் பெயர் விஷயம். முத்துவின் குருவியை ஆங்கிலத்தில் பழுப்பு மார்பு ஈபிடிப்பான் என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அதற்கு இன்னொரு ஆங்கிலப் பெயரும் உண்டு: லேயார்டின் ஈபிடிப்பான். சமையல்காரரின் பெயர் இலத்தீனுக்குள் போய் ஒளிந்துகொள்ள, துரையின் பெயர் பேச்சில் நின்றுவிட்டது. தமிழிலோ நாங்கள் ஆங்கிலத்தை அப்படியே மொழிபெயர்த்து "பழுப்பு மார்பு ஈபிடிப்பான்" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அறிவியல் பெயரை மாற்ற விதிகள் இருக்கின்றன, குழுக்கள் இருக்கின்றன. ஊர்ப்பெயருக்கு அப்படி ஒன்றுமில்லை. எங்கள் பட்டியலில் அந்த வரியை "முத்து ஈபிடிப்பான்" என்று மாற்றிவிட்டோம். ஐப்பசியில் அது திரும்பி வரும். மலையகத்தில் அல்லது சிங்கராஜாப் பக்கம் படிக்கிற, வேலை செய்கிற யாராவது கண்டால், கண்ட இடத்தையும் நாளையும் எங்களுக்கு எழுதுங்கள்.